தெருவோரத் தீ: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நமது நகரில் எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது, எரித்தே தீர வேண்டிய நிலை வந்தால் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு தாள்கூட நகராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. ‘குப்பையை எரிக்காதீர்’ என்ற பலகைகள் மட்டும் உண்டு. சில இடங்களில் அந்தப் பலகைக்கு அடியிலேயே சாம்பல் கிடக்கிறது.

சட்டத்தில் குறைவில்லை. தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கக் கூடாது என்று மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்து, சாதாரணமாக எரிப்போருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் அபராதம் விதிக்கலாம் என ஆணையிட்டது. அந்த 2016 விதிகளில் பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் இருந்தது: தெருவைப் பெருக்கும் பணியாளர்கள் மர இலைகளை எரிக்காமல் தனியே சேர்த்து ஒப்படைக்குமாறு பணிக்க வேண்டிய கடமை உள்ளாட்சி அமைப்பினுடையது. ஆகவே, தெருவில் எரியும் சருகுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது நகராட்சியே என்பது என் கருத்து.

இதைத் தூய்மைப் பணியாளர்கள் மீதான புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் இலையுதிர்க்கும்போது ஒரே தெருவில் காலையில் கூட்டிய சருகே ஒரு தள்ளுவண்டிக்குள் அடங்காது. வீட்டுக் குப்பையை ஏற்றி வரும் பேட்டரி வண்டியில் அதற்கு இடமில்லை. மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்துக்குக் கொண்டுபோகத் தனி வண்டியும் இல்லை. தெரு சுத்தமாக இருக்கிறதா என்று மேற்பார்வையாளர் பார்க்கும் நேரத்துக்குள் குவியலை மறையச் செய்ய அவர்களிடம் இருக்கும் ஒரே கருவி தீப்பெட்டி. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்களே.

எரிவது சருகு மட்டும் என்றாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அணைந்த குவியலைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் பால் பாக்கெட், பான் மசாலா உறை, தெர்மாகோல் துண்டு, உருகிக் கல்லோடு ஒட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாம் கிடக்கின்றன. பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்த கழிவு இப்படிக் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டயாக்சின் உருவாகிறது. அது மண்ணிலும் தீவனத்திலும் படிந்து, மாட்டின் வழியே பாலின் கொழுப்பில் சேரும் நஞ்சு. நம் ஊரில் எரிக்கும் நேரமும் தவறாக அமைந்துவிடுகிறது. விடியற்காலையிலும் இரவிலும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து நிற்பதால் புகை மேலெழாமல் வீடுகளின் சன்னல் உயரத்திலேயே தேங்குகிறது. போகி விடியலில் சென்னை விமானங்களே தாமதமாகும் அளவுக்குப் புகையும் பனியும் சேர்ந்து நிற்பதை நாம் அறிவோம். இங்கே அது சிறிய அளவில், ஆண்டுக்கு ஒரு நாள் என்றில்லாமல், நடக்கிறது.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. நகர எல்லை விரிந்தபோது வயல்களும் உள்ளே வந்துவிட்டன. கரும்புச் சோகையையும் வரப்போரப் புதரையும் விவசாயிகள் எரிப்பது முழுக்க நல்லதல்ல. சோகையைத் தூளாக்கி மண்ணிலேயே மூடாக்காக விடுவதே மேல். எனினும் அதற்கான இயந்திரம் வாடகைக்குக் கிடைக்காத இடத்தில் வெறும் தடை விதித்தால், எரிப்பது இரவுக்கு மாறுமே தவிர நிற்காது. வேறு வழி ஏற்படும்வரை, எரிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவித்து, தீ பரவாதபடி சுற்றிலும் காப்பு வெட்டி, தண்ணீரோடு ஆள் நின்று, மின்கம்பிக்கும் குடியிருப்புக்கும் விலகி, காற்று பலமில்லாத பகல் பொழுதில் மட்டும் எரிக்கலாம் என்ற கண்டிப்பான ஒரு முறையை மாவட்ட நிர்வாகத்தோடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடும் கலந்து வகுக்க முடியுமா என்று ஆராய வேண்டுகிறேன். இந்தச் சலுகை பயிர்க்கழிவுக்கு மட்டுமே. செம்புக்காக இரவில் ஒயரை எரிக்கும் பழைய இரும்புக் கடைக்கும், டயர் கொளுத்துவோருக்கும் எந்த அனுமதியும் கூடாது. அபராதத்தை அங்கிருந்து தொடங்கினால் ஊர் நம்பும்.

நகராட்சியிடம் கேட்பது பெரிய செலவல்ல. இலையுதிர் மாதங்களில் மட்டும் வார்டுகளுக்கு முறை வைத்து ஒரு சருகு வண்டி ஓட்டுங்கள். பூங்காக்களின் மூலையில் கம்பிவலைக் கூண்டு அமைத்துச் சருகைக் கொட்டி, நீர் தெளித்து மட்க விடுங்கள். அந்த உரத்தைப் பூங்காவே எடுத்துக்கொள்ளும். எரிப்புக்கான துணை விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு, புகார் பெறும் அலுவலரின் பதவியோடும் எண்ணோடும் வார்டு அலுவலகங்களில் ஒட்டுங்கள். வந்த புகார்களையும் வசூலான அபராதத்தையும் பகுதி சபைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

தை பிறப்பதற்கு முன் நடக்கும் நகர்மன்றக் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக வைத்து, சருகு வண்டிக்கான தீர்மானத்தையாவது நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாசிக்குப் பிறகு நிறைவேறும் தீர்மானத்தால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை.

இப்படிக்கு,
இந்நகரில் வரி செலுத்தும் குடிமக்களில் ஒருவர்