மாணவர் போதைத் தடுப்புப் போட்டிகள்: மே 20 இற்குள் இன்னும் 440,000 ரூபா வேண்டும்

பேரன்புடையீர்,

வணக்கம். எல்லாம் வல்ல இறைவனின் திருவருளாலும் உங்களைப் போன்றோரின் கொடையாலும் கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலை மாணவர்களுக்காக நடந்துவரும் போதைத் தடுப்புப் போட்டிகள் இவ்வாண்டும் ஜூன் மாதத்தில் நடைபெற இருக்கின்றன. இறுதிப் போட்டி ஜூன் 26 ஐ அடுத்துவரும் சனிக்கிழமை. மொத்தச் செலவு 831,000 ரூபா. இன்று கையில் இருப்பது 391,000. மிகுதி 440,000 ரூபாவும் மே 20 ஆம் திகதிக்குள் சேராவிட்டால் துணிந்து மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முடியாது, பஸ் பேச முடியாது. 24 பாடசாலைகளுக்குச் சொன்ன சொல்லை 12 ஆகக் குறைக்க வேண்டிவரும். எந்தப் 12 ஐ விடுவது என்று உட்கார்ந்து பெயர் வெட்டும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இந்த நகரத்தின் தமிழருக்கு இது புதிய பணி அன்று. கொட்டாஞ்சேனையில் பொன்னம்பல முதலியார் எழுப்பிய சிவன் கோயிலை, அவரது மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கிக் கருங்கல்லால் கட்டி 1912 இல் நிறைவேற்றினார். இன்றைக்கும் அந்தத் தூண்களில் கை வைத்தால் அக்காலத்தவரின் மனவுறுதி தெரியும். அதே 1912 இல்தான் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அது கள்ளுத் தவறணைகள் பெருக வழிவிட்டது. அதை எதிர்த்து இலங்கை முழுவதும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. பின்னாளில் ஊர் மக்களே வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடுவிக்கும் முறையும் வந்தது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களும், வரிசையில் நின்று வாக்குப் போட்டவர்களும் எங்கள் பாட்டன்மாரும் பூட்டன்மாருமே. அவர்களிடம் காசு இருந்ததோ இல்லையோ, தங்கள் தெருவுக்குத் தாங்களே பொறுப்பு என்ற எண்ணம் இருந்தது.

பிறகு காலம் மாறிப் பொருளும் மாறியது. 1984 இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஹெரோயினுக்கான தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. 1987 டிசம்பர் 7 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 26 ஐப் போதைப்பொருளுக்கு எதிரான சர்வதேச தினமாக அறிவித்தது. 2006 இன் புகையிலை, மதுசாரச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பதைக் குற்றமாக்கியது. 2022 இல் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமினும் சட்டத்தில் ஹெரோயினோடு சேர்க்கப்பட்டது. சட்டம் தன் பங்கைச் செய்கிறது. ஆனால் பாடசாலை 1.30 இற்கு விட்ட பிறகு, ரியூஷன் தொடங்கும் வரை, ஒரு பிள்ளையின் கையில் யார் எதைத் திணிக்கிறார் என்பதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கஞ்சா, மாவா எனும் போதைப் பாக்கு, வலிநிவாரணிக் குளிசை, வேப் எனும் மின்சிகரெட் என்று வரிசை நீள்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து “வேண்டாம்” என்ற சொல் வர வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும்.

“போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் போதை போய்விடுமா?” என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெறும் போட்டியால் போகாது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018 இல் வெளியிட்ட தடுப்பு நியமங்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: பயமுறுத்துவதாலும் தகவலை மட்டும் கொட்டுவதாலும் பயனில்லை; முன்பு போதைக்கு அடிமையாயிருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பதும் உதவாது; பிள்ளைகள் தாங்களே பேசி, நடித்து, மறுத்துப் பழகும் வகுப்புகளே உதவும். ஆகவே எமது திட்டத்தில் முதலில் வகுப்பு, பிறகுதான் போட்டி. உங்கள் காசின் பெறுமதியான பகுதி மேடையில் தெரியாது, வகுப்பறைக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு பாடசாலையிலும் தரம் 8 முதல் 11 வரை, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள், அதாவது 80 நிமிடம் எடுக்கிறோம். ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மண்டபத்தில் 300 பேரை இருத்தி மைக்கில் பேசினால் முன் இரண்டு வரிசையைத் தவிர மற்றவர்கள் தூங்குவார்கள். முதற் பாடவேளையில் “எல்லாரும்தானே செய்கிறார்கள்” என்ற நினைப்பை எடுத்துப் பேசுகிறோம். தன் வகுப்பில் எத்தனை பேர் புகைப்பதாக நினைக்கிறாய் என்று பெயரில்லாத துண்டில் எழுதச் சொன்னால், உண்மையை விட மிகக் கூடிய தொகையையே பிள்ளைகள் எழுதுவார்கள். துண்டுகளைக் கரும்பலகையில் கூட்டிக் காட்டும்போது அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. இரண்டாம் பாடவேளையில் இருவர் இருவராக மறுத்துப் பழகுகிறார்கள். நீட்டுபவர் மூன்று முறை வற்புறுத்த வேண்டும், மறுப்பவர் மூன்று முறையும் வெவ்வேறு விதமாக மறுக்க வேண்டும். முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் முறை குரல் உறுதியாகும்.

இதற்குத் தொண்டர்களின் போக்குவரத்தும் பயிற்சித் தாள்களின் போட்டோகொப்பியும் சேர்த்து ஒரு பாடசாலைக்கு 4,500 ரூபா, 24 பாடசாலைக்கு 108,000 ரூபா. பயிற்சி தரும் எவரும் கூலி வாங்குவதில்லை.

வகுப்பு முடிந்து ஒரு கிழமைக்குள் பாடசாலை மட்டப் போட்டி: கட்டுரை, சுவரொட்டி, வீதி நாடகம், பேச்சு. கட்டுரைக்குத் தலைப்பை முன்கூட்டியே கொடுப்பதில்லை. கொடுத்தால் தகப்பனார் எழுதுவார், ரியூஷன் மாஸ்டர் எழுதுவார், இப்போது கைத்தொலைபேசியும் எழுதுகிறது. மூடிய உறையில் தலைப்பு, 60 நிமிடம், 300 சொல். “போதையின் தீமைகள்” போன்ற தலைப்பு வைத்தால் 24 பாடசாலையிலிருந்தும் ஒரே கட்டுரை வரும். “சிகரெட் வாங்கி வா என்று மாமா கடைக்கு அனுப்பினால்”, “எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் விளையாட என்ன வேண்டும்” என்று வைத்தால் பிள்ளை தன் சொல்லில் எழுதும். விடைத்தாளில் பெயரோ பாடசாலையோ இராது, இலக்கம் மட்டுமே. மூன்று நடுவர்கள் தனித்தனியே புள்ளியிடுவார்கள். 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான்காமவர் வாசிப்பார்.

சில விடைத்தாள்களில் பிள்ளை தன் வீட்டுத் துன்பத்தையே எழுதிவிடும். அத்தகைய தாளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் காட்சிக்கு வைப்பதில்லை, மேடையில் வாசிப்பதில்லை. தனி உறையில் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் அன்றே கொடுக்கிறோம். சிறுவர் உதவி இலக்கம் 1929, அபாயகர ஔடதங்கள் சபையின் 1927, மனநல உதவிக்கு 1926 ஆகிய மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கும் பேனை அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும்.

சுவரொட்டிக்கு ஒரு பாடசாலையில் 15 பேர். ஒருவருக்குப் பிரிஸ்டல் போட் எனும் தடித்த வரைதல் அட்டையில் பாதி. பாடசாலை மட்டத்துக்கு 180 போட், இறுதிப் போட்டிக்கு 36, மடிந்தும் நனைந்தும் போவதற்கு 9, ஆக 225 போட் 140 ரூபாப்படி 31,500. மூவருக்கு ஒரு பஸ்டல் பெட்டி, 120 பெட்டி 450 ரூபாப்படி 54,000. ஜூன் மாதம் தென்மேல் பருவமழைக் காலம். சுருட்டி எடுத்துவரும் போட் ஒருமுறை ஈரம் இழுத்தால் ஓரம் நெளிந்து, ஒட்டினாலும் சுவரில் நில்லாது. நீர்வர்ணம் என்றால் சிவப்பு ஒழுகி எழுத்தில் ஏறிவிடும். அதனால்தான் பஸ்டல், அதனால்தான் சுருட்டாமல் தட்டையாகப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவரச் சொல்கிறோம். மண்டையோடு, ஊசி, தூக்குக் கயிறு வரைந்தால் புள்ளி குறையும் என்பது விதி. பயப்படாத பிள்ளைக்கு அந்தப் படங்கள் கவர்ச்சி, ஏற்கெனவே சிக்கிய பிள்ளைக்கு நினைவூட்டல்.

வீதி நாடகத்தில்தான் அதிக கவனம் வேண்டும். எட்டுப் பேர், பத்து நிமிடம். கோதுமை மாவைக் கடதாசியில் வைத்து நான்காக மடித்து, நுனியைச் செருகி, உள்ளங்கையில் ஒளித்து ஒரு பிள்ளை திறமையாக நடித்தால் சபை கைதட்டும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த 300 பேருக்கும் அந்த மடிப்பைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஆகவே பொட்டலம், ஈயத்தாள், லைட்டர், சிகரெட் எதுவும் மேடையில் கூடாது. பாவிக்கும் முறையைக் காட்டக்கூடாது. வில்லனுக்கே நல்ல வசனம் எல்லாம் போய்விடாதபடி எழுத்துப் பிரதியைப் பத்து நாளுக்கு முன் பார்த்துத் திருத்தித் தருகிறோம். பேச்சுப் போட்டிக்கு நான்கு நிமிடம்; மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை மணி அடிக்கும், நான்காம் நிமிடத்தில் இருமுறை அடிக்கும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இறுதி நாளைச் சனிக்கிழமையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளியில் பாடசாலையும் ஜும்ஆவும், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் திருப்பலியும். சனி காலை ரியூஷன் உண்டு என்றாலும் வேறு வழியில்லை. ரியூஷன் ஆசிரியர்கள் அந்த ஒரு நாளை விட்டுத் தருமாறு இதன்மூலம் அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

அன்றைய செலவு இது. மண்டபமும் ஒலியமைப்பும் 145,000. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, வத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஐந்து பஸ், ஒன்று 22,000 வீதம் 110,000. மாணவர் 264, ஆசிரியர் 48, நடுவரும் தொண்டரும் 38, ஆக 350 பேருக்குச் சைவச் சோற்றுப் பார்சல் 450 ரூபாப்படி 157,500. தேநீர், பிஸ்கட், தண்ணீர் 42,000. நடுவர் போக்குவரத்து 24,000. சான்றிதழ் 600, ஒன்று 60 ரூபாவாக 36,000. பரிசுப் புத்தகங்கள் 75,000. கட்டுரைத் தாள், உறை, பேனை அட்டை 18,000. எதிர்பாராச் செலவு 30,000. பரிசைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது ஏற்கெனவே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பஸ்ஸைக் குறைத்தால் வசதியுள்ள பிள்ளைகள் மட்டும் வருவார்கள். யாருக்காக இதைச் செய்கிறோமோ அவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

இதுவரை கைகொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். சான்றிதழ் அச்சுச் செலவைத் தன் பெயர் வெளிவரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஏற்றுவரும் செட்டியார் தெரு நகைக்கடை அன்பர். அரிசியும் பருப்பும் மூட்டையாக அனுப்பும் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், அவர்களில் முஸ்லிம் சகோதரர்கள் காட்டும் தாராளம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்தித் தரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஓய்வுபெற்ற ஆசிரியைமார். தமக்குள் நூறு நூறு ரூபாவாகச் சேர்த்து உறையில் கொண்டுவந்து தந்த கொட்டாஞ்சேனை ஓட்டோச் சாரதிகள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து பிறந்த தெருவை மறக்காமல் அனுப்பும் பிள்ளைகள். ஓய்வூதியம் எடுத்த அன்றே அதில் ஒரு பகுதியைத் தரும் அம்மா ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் அருள வேண்டும். இன்று கையில் உள்ள 391,000 இவர்களால் வந்தது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்கள் 19 பேர். சொன்னதைத் தந்தவர்கள் 7 பேர். மிகுதிப் பன்னிருவரின் பெயரையும் குறிப்பேட்டிலிருந்து நாம் நீக்கவில்லை. நினைவுபடுத்தினால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். திருவிழா உபயத்துக்கும் பூப்புனித நீராட்டு விழா மண்டபத்துக்கும் மனங்கோணாமல் கொடுக்கும் கை இதற்கும் நீளலாம். கடை வைத்திருக்கும் அன்பர்களே, அப்பாவுக்கு என்று சொல்லிச் சிகரெட் கேட்டு வரும் பிள்ளைக்கு விற்பதும் குற்றமே. காசு தர இயலாவிட்டாலும் அதை விற்காமல் விடுவது உங்களால் இயலும். எங்கள் பிள்ளை அப்படியில்லை என்று கேற்றைப் பூட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் அருகில் வகுப்பில் இருப்பதும் ஒரு பிள்ளைதான்.

4,500 ரூபா தந்தால் ஒரு பாடசாலையின் வகுப்பு உங்களுடையது. 22,000 ஒரு பஸ். 4,500 இல் பத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் ஆகும். 450 ரூபா மட்டும் தருவதற்குக் கூச்சப்பட வேண்டாம், அதுவும் ஒரு பிள்ளையின் பசி. போட், பஸ்டல், அரிசி என்று பொருளாகத் தருவோர் ஜூன் முதற் கிழமைக்குள் தந்தால் பங்கிட வசதி. சிகரெட், மதுபான வியாபாரத்தோடு தொடர்புடைய நிறுவனங்களின் பணத்தையும் விளம்பரப் பதாகையையும் எத்தொகையானாலும் ஏற்பதில்லை.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே இடவும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல், குழுவின் பெயரைச் சொல்லி வரும் எவரிடமும் காசு கொடுக்க வேண்டாம். கணக்கு விபரம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் உண்டு. வரவு செலவுக் கணக்கு ஜூலை 31 இற்கு முன் கணக்காய்வு செய்யப்பட்டு, தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைக்கப்படும். மண்டபத்துக்கான முற்பணம் 50,000 ரூபா மே 21 காலை 10 மணிக்குக் கட்ட வேண்டும்.

இங்ஙனம்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவினர்,
கொழும்பு