தொலைநோக்கி விற்பவர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

இருகண் தொலைநோக்கிகளை இறக்குமதி செய்து விற்பனை செய்யும் மதிப்புக்குரிய வணிகர்களுக்கு,

வணக்கம்.

புரட்டாதி முடியுமுன்னரே வலசைப் பறவைகள் எங்கள் வாவிக்கரைகளில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் பல சித்திரை வரை இங்கேயே தங்குகின்றன. அவை வந்திறங்குவதற்கு முந்திய வாரங்களில்தான் பாடசாலைச் சுற்றாடல் கழகங்களும், பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் இளைஞர்களும், ஓய்வு பெற்ற பின் பறவை பார்க்கத் தொடங்கிய என்னைப் போன்றவர்களும் புதிதாகத் தொலைநோக்கி வாங்குவது வழக்கம். நாங்கள் வாங்குபவை பெரும்பாலும் 8×42 அல்லது 10×42 அளவிலான, அதாவது 8 அல்லது 10 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் உள்ள, நடுத்தர விலைப் பொருட்கள். அவற்றைத் தருவித்து விற்பவர்கள் நீங்கள் என்பதால், அவற்றின் இரண்டு உறுப்புகளைப் பற்றி உங்களிடமே முறையிட வேண்டியிருக்கிறது.

என்னுடைய முறைப்பாடு வில்லையைப் பற்றியதல்ல. எங்களிடையே பயன்படாமல் அலுமாரிக்குள் கிடக்கும் தொலைநோக்கிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் வில்லை உடைந்தவையோ அரியம் இடம்பெயர்ந்தவையோ அதிகமில்லை. கண்ணாடியெல்லாம் நன்றாக இருக்க, நடுவிலுள்ள ஃபோகஸ் சில்லு சிறிது தூரம் வெறுமனே சுழன்ற பின்னரே உள்ளிருக்கும் வில்லையை அசைக்கிறது; அல்லது வலது கண்வில்லையின் கீழுள்ள, இரு கண்களின் வேறுபாட்டைச் சரிசெய்யும் டயொப்டர் வளையம் வைத்த இடத்தில் நிற்க மறுக்கிறது. விலைச்சீட்டில் உருப்பெருக்கத்தையும் பூச்சுகளையும் நைதரசன் நிரப்பியிருப்பதையும் விரிவாக எழுதும் நீங்கள் இந்த இரண்டையும் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இவை சிறிய குறைகள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வந்து நின்று பார்க்கலாம். நீர் வற்றிய சேற்றுத் திட்டில் பச்சைக்கால் உள்ளானும் சதுப்பு உள்ளானும் அருகருகே இரை தேடும். மாரிக்காலத்தில் இரண்டுக்கும் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, பச்சை கலந்த கால்கள். முன்னதன் அலகு அடியில் தடித்து, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும்; பின்னதன் அலகு ஊசிபோல் மெலிந்து நேராக இருக்கும். உருவத்தில் பின்னது சிறியதுதான் என்றாலும், தனித்து நிற்கும் ஒரு பறவையின் பருமனைத் தூரத்திலிருந்து மதிப்பிட முடியாது. அலகைப் பார்த்தே சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தோணி கடந்து போனால் கூட்டம் எழுந்து அடுத்த திட்டில் இறங்கும். புதிய தூரத்துக்குச் சில்லைத் திருப்பும்போது அது வழுக்கி, முன்னும் பின்னுமாகத் தேடிப் பிடிப்பதற்குள் பறவை திரும்பி நின்றுவிடும். ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இப்படித் தவறவிட்ட பறவை ‘இனங்காணாத உள்ளான்’ என்ற நிரலுக்குத்தான் போய்ச் சேரும்.

தூரம் மாறும்போது சில்லு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். தொலைநோக்கியின் வழியே பார்க்கும்போது அண்மைப் பொருளுக்காகக் கண் செய்ய வேண்டிய குவியத் திருத்தம், ஏறக்குறைய உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது. 8 மடங்கு கருவியில் அந்த வர்க்கம் 64. அடிவானத்துக்குச் சரிசெய்த கருவியால் 20 மீற்றரில் நிற்கும் பறவையைச் சில்லைத் தொடாமல் பார்க்க முயன்றால், கண் 64ஐ 20ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 3 டயொப்டருக்கு (இங்கு டயொப்டர் என்பது குவிய வலுவின் அலகு) சற்று மேல், தானாகவே குவிய வேண்டும். 10 மீற்றரென்றால் 6 டயொப்டரைத் தாண்டும். பத்து வயதுப் பிள்ளையின் கண் இதைச் சிரமமின்றிச் செய்துவிடும். 50 வயதைக் கடந்தவரின் கண்ணுக்கு அந்த வலு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அவருக்குச் சில்லை விட்டால் வேறு வழியில்லை.

உங்கள் கடைகளில் நடப்பதன் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன். கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கு நிற்கும் இருபது வயதுத் தம்பி அதை வாங்கி, வாசலில் நின்று எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு ஐயா, உங்கட கண்ணைத்தான் ஒருக்கா காட்டிப் பாருங்கோ” என்கிறார். இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் பலர். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. சில்லு விட்ட குறையை அவருடைய இளங்கண் அவர் அறியாமலே நிரப்பிவிடுகிறது. அதே கண் டயொப்டர்ப் பிழையையும் மறைக்கும்: ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தால் இரண்டிலும் தெளிவாகத் தெரியும். இரு கண்களும் சேர்ந்தே குவிவதால், இரண்டையும் திறந்து பார்க்கும்போது ஒன்று தெளிந்து மற்றது மங்கும். மூளை மங்கியதை ஒதுக்கிவிடும். அரை மணித்தியாலம் கழித்து வரும் தலையிடியைக் கடைவாசலில் கண்டுபிடிக்க முடியாது.

டயொப்டர் வளையத்தின் வேலை எளியது. ஒருவரின் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒருமுறை ஈடுசெய்துவிட்டால், அதன்பின் எல்லாத் தூரங்களுக்கும் நடுச்சில்லு மட்டும் போதும். ஆகவே அந்த வளையத்திடம் நாம் எதிர்பார்ப்பது அசையாமல் இருப்பதை மட்டுமே. விலை கூடிய கருவிகள் சிலவற்றில் அதற்குப் பூட்டு இருக்கும், அல்லது நடுச்சில்லை இழுத்தால்தான் அது திரும்பும். நாங்கள் வாங்கும் விலையில் இருப்பது, றப்பர் போர்த்த ஒரு தளர்ந்த வளையம். பைக்குள் வைக்கும்போது உரசித் திரும்பும். கழுத்துப் பட்டியில் தொங்கும்போது சட்டைப் பொத்தானில் பட்டுத் திரும்பும். கண்வில்லையைச் சுற்றியுள்ள கண்மூடியை மேலே இழுக்கும்போது அதோடு சேர்ந்தும் திரும்பும். எங்கள் பக்கத்தில் பல தொலைநோக்கிகளின் வலது கண்வில்லைக்குக் கீழே மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு ரேப் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பதைக் காணலாம். வெயிலில் அதன் பசை கசிந்து விரலில் ஒட்டும், மணலையும் பிடித்துவைக்கும். ஆனாலும் அதைக் கழற்ற ஒருவருக்கும் மனமில்லை, ஏனெனில் கழற்றினால் வளையம் ஓடிவிடும். புதுப்பொருள் வாங்கிய கையோடு ரேப் சுற்ற வேண்டியிருப்பது விற்பவருக்குப் பெருமை தருவதல்ல.

இதைவிட நுட்பமான பழுது ஒன்றுண்டு. வாங்குபவர்கள் அதை அறியாமலேயே ஆண்டுக்கணக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். நேரான குழல்களைக் கொண்ட கூரை அரியக் கருவிகளில் சில்லைத் திருப்பும்போது இரு குழல்களுக்குள்ளும் இருக்கும் இரண்டு குவிய வில்லைகள் ஒரே அளவில் முன்னும் பின்னும் நகர வேண்டும். நெம்புகளிலோ புரிகளிலோ தளர்வு இருந்தால் ஒன்று மற்றதைவிடப் பிந்தி நகரும். அப்போது 40 மீற்றரில் சரியாக வைத்த டயொப்டர் 5 மீற்றரில் பிழைக்கும். அல்லது சில்லை வலப்பக்கம் திருப்பி நிறுத்தும்போது சரியாகவும், இடப்பக்கம் திருப்பி அதே பொருளில் நிறுத்தும்போது பிழையாகவும் இருக்கும். வளையம் அசையவே இல்லை, பிழை மட்டும் வந்து வந்து போகிறது. இதைப் பாவிப்பவர் நம்பிச் சொல்ல முடியாது. சொன்னாலும் கடையில் நம்பமாட்டார்கள். சோதிப்பதற்கோ சில நிமிடம் போதும். முன்வில்லைகளை ஒவ்வொன்றாக மூடியால் மறைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி, எழுத்துள்ள ஒரு பலகையில் முதலில் இடக்கண்ணுக்குச் சில்லாலும் பிறகு வலக்கண்ணுக்கு வளையத்தாலும் சரிசெய்ய வேண்டும். ஒரு கண்ணை இறுக மூடிப் பார்த்தால் மற்றதும் சுருங்கி ஏமாற்றும் என்பதால்தான் மூடியால் மறைக்கச் சொல்கிறேன். வளையத்தைக் கூட்டல் குறிப் பக்கத்து எல்லையிலிருந்து மெல்லத் திருப்பி, முதன்முதலாகத் தெளியும் இடத்திலேயே நிறுத்தினால் இளங்கண்ணின் தலையீடும் குறையும். பின்னர் வளையத்தைத் தொடாமல் கிட்டவும் எட்டவும் இரண்டு பொருள்களை, சில்லை இரு திசைகளிலிருந்தும் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கூடுமானவரை இதைச் செய்பவர் வயதில் மூத்தவராக இருக்கட்டும்.

பழைய அமைப்பிலுள்ள, தோள் அகன்ற போரோ அரியக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் சில்லைத் திருப்பினால் இரு கண்வில்லைகளையும் தாங்கும் பாலம் முழுவதும் வெளியே நகர்கிறது. மலிவானவற்றில் அந்தப் பாலம் சாயும். கண்குழியால் சற்று அழுத்தினாலே ஒரு பக்கம் மங்கும். வாங்கும்போது விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. அடிவானம் தெளியும் இடத்துக்கு அப்பாலும் சில்லு இன்னும் சிறிது திரும்ப இடம் விட்டிருந்தால்தான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் பிள்ளைக்குத் தூரம் தெரியும். சில கருவிகளில் அந்த மிச்சம் அறவே இல்லை. இன்னும் சிலவற்றில் டயொப்டர் வளையத்தின் பூச்சியக் குறி உண்மையான பூச்சியத்தில் இல்லை. இரு கண்ணும் சமமாக உள்ளவருக்கே ஒரு பக்கம் வெகுதூரம் திருப்ப வேண்டியிருந்தால், கண்கள் வேறுபட்டவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. வகுப்பறைக்கு வாங்கும் கருவி பல கண்களுக்குப் பொருந்த வேண்டியது என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

எங்கள் காலநிலையையும் சொல்லவேண்டும். கார்த்திகை, மார்கழி மழையின் ஈரமும், கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீசும் உப்புக்காற்றும், வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று எழுப்பும் நுண்மணலும் சில்லின் விளிம்பு வழியே உள்ளே போகின்றன. மணல் புகுந்த சில்லைத் திருப்பினால் கறகறவென்ற சத்தம் காதுக்குக் கேட்கும் முன்பே விரலுக்குத் தெரியும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வாகனத்துக்குள் கிறீஸ் இளகி எண்ணெய் பிரியும். மிஞ்சியது நாளடைவில் பிசினாக இறுகும். நீர்புகாது என்று நீங்கள் எழுதுவது குழல்களுக்குப் பொருந்தலாம். சில்லின் புரிக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் எழுதுங்கள். நகரத்தில் மணிக்கூடு திருத்துபவர்களிடம் கொடுத்தால் அவர்கள் அன்போடு திறந்து பார்ப்பார்கள்தான், ஆனால் திறந்த கருவியில் நைதரசனும் போய்விடும், இரு குழல்களும் ஒரே திசையில் நோக்கும் ஒழுங்கும் குலைந்துவிடும். பிறகு பறவை இரட்டையாகத் தெரியும்.

வருகின்ற முறைப்பாடுகள் எல்லாமே பழுதல்ல என்பதையும் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். டயொப்டர் வளையத்தை வலக்கண்ணுக்குரிய ஃபோகஸ் என்று எண்ணி, ஒவ்வொரு பறவைக்கும் அதைத் திருகுபவர்கள் இருக்கிறார்கள். பாடசாலையில் ஒரு கருவி பத்துக் கைகள் மாறும்போது ஒவ்வொருவரும் அதைத் தம் கண்ணுக்கு மாற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பதும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. படமோ முத்திரை அளவில் இருக்கிறது. இதற்கு மாணவரைக் குறை சொல்வது எப்படி? அரைப்பக்கத்தில், எழுத்துப் பெரிதாக, இரு மொழியிலும் வளையத்தைச் சரிசெய்யும் முறையை அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தால் உங்கள் கடைக்கு வரும் வீண் முறைப்பாடுகளும் குறையும்.

தொலைநோக்கிகளுக்கென்று ஐஎஸ்ஓ 14133 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. ஆயினும் இந்த மடலைச் சட்டத்தை முன்னிறுத்தி எழுதவில்லை. கொழும்பு எங்களுக்கு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு கருவியைத் தபாலில் அனுப்பி, ‘பழுதில்லை’ என்ற துண்டோடு அதே தளர்ந்த வளையத்துடன் திரும்பப் பெறுவதற்கு ஆகும் செலவும் அலைச்சலும், பலரை முறைப்பாடு செய்யாமலே விட்டுவிடச் செய்கின்றன. முறைப்பாடு வரவில்லை என்பதைக் கொண்டு பொருளில் குறையில்லை என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

ஆகவே நான் கேட்பவை அதிகமில்லை. மேலே சொன்ன சோதனையை ஒவ்வொரு கருவிக்கும் விற்குமுன் செய்து, செய்தவரின் கையொப்பத்தைப் பற்றுச்சீட்டில் இடுங்கள். தானாக நகரும் டயொப்டர் வளையம், வெற்றோட்டமுள்ள சில்லு, கிட்டவும் எட்டவும் ஒத்துவராத குழல்கள் ஆகிய மூன்றும் உத்தரவாதத்துக்குள் அடங்கும் பழுதுகள் என்று எழுத்தில் தாருங்கள். ‘பாவனையால் ஏற்பட்ட தேய்மானம்’ என்ற சொற்றொடரை முதல் ஆண்டில் எடுக்காதீர்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கருவியைப் பொறுப்பேற்று அனுப்பிவைக்கும் கடை ஒன்றை நியமியுங்கள். விலையில் சிறிது கூடினாலும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். சற்றுக் குறைந்த உருப்பெருக்கமும் எளிமையான பூச்சும் எங்களுக்குப் போதும், சில்லும் வளையமும் ஒழுங்காக இருந்தால்.

வரும் பருவத்துக்கான சரக்கு உங்கள் களஞ்சியத்திலிருந்து புறப்படுமுன் இவற்றுள் எவற்றைச் செய்ய முடியும் என்பதைப் பகிரங்கமாக அறியத்தாருங்கள். சோதிக்கும் முறையை உங்கள் ஊழியருக்குக் காட்டித்தர ஆள் தேவைப்பட்டால், எங்களில் கண் மூத்த இருவர் சொந்தச் செலவில் கொழும்புக்கு வருவார்கள்.

இங்ஙனம்,
வாவிக்கரைப் பறவை நோக்கர்களின் சார்பில் ஒருவர்,
மட்டக்களப்பு.