ஷேக்கருக்குள் சோடா ஊற்றாதே, கண்ணா

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். தேங்காய்ப்பால், பெர்ரி, ரம், சோடா சேர்த்து நீ கலக்கிய காக்டெயிலின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வெள்ளை வெள்ளையாகத் திப்பி, நடுவில் சாம்பல் பூத்த ஊதா, அடியில் விதை. சோடாவின் கேஸ் இருந்ததற்கு அடையாளமே இல்லை. "என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று ஒரே வரி வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா காக்டெயிலுக்குச் செய்முறை எழுதுகிறாளே என்று சிரிக்காதே. இதில் ரம்மை யார் வேண்டுமானாலும் அளந்து ஊற்றிவிடலாம். உன்னைக் கவிழ்த்தது தேங்காய்ப்பால். அதைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

நீ செய்தது இதுதானே: ஃப்ரிட்ஜிலிருந்து டின்னை எடுத்து, கெட்டியாக நின்றதை அப்படியே மிக்ஸியில் போட்டு, அதன் தலையில் ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்து, பெர்ரி, ரம், சோடா எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றியிருக்கிறாய். ஒரே மூடிக்குள் நாலு சண்டை.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் கொழுப்புத் துளிகள். அந்தத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருப்பது அதிலேயே இருக்கும் கொஞ்சம் புரதம். அந்தப் புரதத்துக்குப் புளிப்பு ஆகாது. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்த அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கினால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கொழுப்பும் கூடச் சேர்ந்து திரளும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிற புளிப்பு. பெர்ரிகள் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில். இரண்டும் நேராகப் பால்மேல் விழுந்தால் திரியாமல் என்ன செய்யும்?

அது ஒன்று. இன்னொன்று குளிர். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். பெரிய துளியாக இருக்கும்போது உறைந்தால் நாக்கில் மெழுகுத் துணுக்கு மாதிரி தட்டுப்படும். பொடிப்பொடித் துளியாக உடைந்த பிறகு உறைந்தால் வழுவழுப்பாகத்தான் இருக்கும். அதனால் முதலில் வெதுவெதுப்பில் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும், அப்புறம்தான் குளிர வைக்க வேண்டும். இந்த வரிசை மட்டும் மனதில் நின்றால் மீதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

டின் வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பார். கொழுப்பு 100 கிராமுக்கு 17, 18 என்று இருந்தால் எடு. 'லைட்' என்று போட்டிருப்பது இதற்கு உதவாது, சோடா பட்டதும் வெறும் வெள்ளைத் தண்ணீர் ஆகிவிடும். குவார் கம் என்ற கொத்தவரை விதைப் பசையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று முகம் சுளிக்காதே. கொழுப்பு தண்ணீரிலிருந்து பிரியாமல் பிடித்து வைப்பது அதுதான், இந்தப் பானத்துக்கு அது வரம். நீயே தேங்காய் துருவிப் பிழிவதானால் முதல் பால் மட்டும் போதும், இரண்டாம் பாலைச் சமையலுக்கு வைத்துக்கொள். ருசியில் பிழிந்த பாலுக்கு எதுவும் ஈடில்லை. ஆனால் அது சீக்கிரம் பிரியும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். விருந்துக்கு டின்னே நல்லது என்று உன் அம்மாவே சொல்கிறேன், குறித்துக்கொள்.

400 மில்லி டின்னுக்கு 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பைச் சிறிதாக வைத்து, சர்க்கரை கரையும் வரைக்கும் மட்டும் கிளறு. ஓரத்தில் முத்து முத்தாகக் கொதி வந்தால் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம், கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இறக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் அரை நிமிஷம் ஓட்டி பாட்டிலில் ஊற்று. இதுதான் நம் தேங்காய் க்ரீம். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு நாள் இருக்கும். எடுக்கும்போது கெட்டிப்பட்டிருந்தால் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, குலுக்கிவிட்டு அள. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பாலைக் கெட்டிப்படுத்தி, துளிகள் சட்டென்று ஒன்றுசேராமலும் அது பார்த்துக்கொள்ளும். பார்களில் பீன்யா கொலாடா என்ற ரம், அன்னாசி, தேங்காய்க் காக்டெயிலுக்கு வெறும் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு இனிப்பு போட்ட தேங்காய் க்ரீமை எடுப்பதும் சும்மா இல்லை. அந்தப் பானம் 1954-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் தங்கள் ஓட்டலில் பிறந்தது என்று கரிபே ஹில்டன்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். வேறு சிலரும் உரிமை கொண்டாடுகிறார்கள், அது அவர்கள் பாடு. கடையில் அந்த இனிப்பு க்ரீம் டின்னும் இனிப்பில்லாத கெட்டித் தேங்காய் க்ரீம் டின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயரும் ஏறக்குறைய ஒன்று. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எடு.

இனி பெர்ரி. ஃப்ரோஸன் பாக்கெட்டே வாங்கு. உறையும்போது உள்ளே ஐஸ் ஊசிகள் பழத்தின் அறைகளைக் கிழித்துவிடுவதால், கரைந்ததும் சாறு தானாக வடியும். 250 கிராம் பழத்தில் 100 கிராம் சர்க்கரையைப் பிசிறி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் பச்சையாக இருந்தால்தான் வாசனை. சமைத்தால் ஜாம் வாடை வந்துவிடுகிறது. ப்ளூபெர்ரி வேறு ஜாதி. ஒன்றை நறுக்கிப் பார், உள்ளே வெளிறிய பச்சைதான் இருக்கும், நிறமெல்லாம் தோலில். அந்த நிறம் இறங்க அடுப்புச் சூடு வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தோல் வெடிக்கும் வரை வேகவிடு. ஒரு எச்சரிக்கை: ஃப்ரோஸன் பெர்ரி மூலமாக வாந்தி பேதி தரும் நோரோ வைரஸும் மஞ்சள்காமாலை 'ஏ' கிருமியும் பரவியது உண்டு. பாக்கெட்டில் 'சமைத்து உண்ணவும்' என்று இருந்தால் எந்தப் பழமானாலும் ஒரு நிமிஷம் கொதிக்க விடு, வாசனை கொஞ்சம் போனால் போகட்டும்.

வடிகட்டுவதில் சோம்பல்படாதே. நல்ல நெருக்கமான வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கு. விதை பல்லில் சிக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சோடாவில் கரைந்திருக்கும் கேஸ் வெளியே வருவதற்குச் சொரசொரப்பான இடம் தேடும். விதையும் சக்கையும் கிடைத்தால் போதும், அதில் தொற்றிக் குமிழியாகக் கிளம்பிவிடும். சக்கையோடு சோடா சேர்ந்தால் ஒரே பொங்கலாகப் பொங்கி மேஜைக்கு வரும், கிளாஸில் மிச்சம் இருப்பது செத்துப்போன இனிப்புத் தண்ணீர்.

எலுமிச்சையை இந்த சிரப்பில் கலந்துவிடு, பாலில் இல்லை. ஒரு கிளாஸுக்கு 10 மில்லி கணக்கு. நிறத்துக்கும் அதுதான் வழி. பெர்ரியின் நிறமிகள் புளிப்பில் சிவப்பாகவும், புளிப்பு குறையக் குறைய ஊதாவாகவும் மாறும். தேங்காய்ப்பாலில் புளிப்பு அவ்வளவாகக் கிடையாது, அதனால்தான் உன் கிளாஸ் மழைக்கால மேகம் மாதிரி நின்றது. அதற்காக எலுமிச்சையைக் கூட்டிக்கொண்டே போனால் திரியும். நிறமா, வழுவழுப்பா என்று வந்தால் நான் வழுவழுப்பின் பக்கம். நல்ல இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் ப்ளூபெர்ரியை விட்டுவிட்டு ஸ்ட்ராபெர்ரிக்குப் போ.

கலக்கும்போது ஷேக்கரில் முதலில் 45 மில்லி தேங்காய் க்ரீம், 45 மில்லி வெள்ளை ரம். ஐஸ் இல்லாமல் பத்து எண்ணும் வரை குலுக்கு. அப்புறம் 30 மில்லி பெர்ரி சிரப்பும் அதில் கலந்த எலுமிச்சையும், கை நிறைய ஐஸ். உலோகம் விரலில் சுரீரென்று ஒட்டும் வரை குலுக்கு, பதினைந்து விநாடி போதும். ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் பாட்டில். கண்ணாடி ஜாடி வேண்டாம், ஐஸ் மோதி விரிசல் விடும்.

சோடாவை எக்காரணம் கொண்டும் ஷேக்கருக்குள் ஊற்றாதே. குலுக்கினால் கேஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் விடுபட்டு மூடியைத் தள்ளும். மிக்ஸியில் போட்டதும் அதே கதைதான். உன் சமையலறைச் சுவர் என்ன ஆனது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சோடா பாட்டில் ஃப்ரிட்ஜின் அடி ஆழத்தில் ஒரு நாளாவது இருக்கட்டும். 20 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைக்கும் கேஸைவிட 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். கிளாஸையும் குளிர வை. உயரமான கிளாஸில் பெரிய ஐஸ் கட்டி இரண்டு போட்டு, இரண்டு விரல் உயரம் சோடா ஊற்றிக்கொள். அதன்மேல் ஷேக்கரில் இருப்பதை மெதுவாக வடித்து ஊற்று. சர்க்கரைக் கனம் இருப்பதால் அது தானே கீழே இறங்கிக் கலந்துகொள்ளும், நீ போட்டுக் கிளற வேண்டாம். நுரை ஏறும். ஏறட்டும், அடங்கும் வரை நில். மீதி சோடாவைக் கிளாஸின் ஓரமாக இரண்டு தவணையில் ஊற்று. சோடா மொத்தம் 90, 100 மில்லி. கடைசியில் நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிடு. மேலே ஒரு விரல் அளவுக்கு ரோஜா நிற நுரை நின்றால் சரியாக வந்திருக்கிறது.

வெறும் சோடா போதும். கிளப் சோடாவில் சோடா உப்பு மாதிரி தாதுக்கள் சேர்த்திருப்பார்கள், அது புளிப்பை மழுக்கும், நிறத்தையும் கெடுக்கும். டானிக் வாட்டரின் கசப்பு தேங்காயோடு சேரவில்லை, ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ரம்முக்குப் பதில் ஸ்பார்க்ளிங் வைன் ஊற்றலாமா என்று உன் அடுத்த கேள்வி வரும். வைனும் நல்ல புளிப்பு, மறுபடி திரியும். ஆசையாக இருந்தால் வைனைத் தனியாகக் குடியுங்கள்.

க்ரீம், எலுமிச்சை, சோடா மூன்றையும் சமாதானம் செய்து வைக்க முடியுமா என்பது பழைய கேள்விதான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பார் நடத்திய ஹென்றி ராமோஸ் என்பவர் 1888-இல் ஜின், க்ரீம், முட்டை வெள்ளைக்கரு, எலுமிச்சை, சோடா எல்லாம் சேர்த்து ஒரு பானம் கொண்டுவந்தார். அது நுரைத்து நிற்க வேண்டுமென்று, குலுக்குவதற்கென்றே வரிசையாகப் பையன்களை நிறுத்தியிருந்தாராம். அங்கேயும் சோடா கடைசியில்தான், ஷேக்கருக்கு வெளியே.

உன் சிநேகிதர்களில் குடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு ஜூஸ் டப்பாவைத் திணித்துவிடாதே. ரம் இல்லாமலும் இது முழுப் பானம். ஆனால் ரம்மின் காரம் இல்லாதபோது இனிப்பு தூக்கலாகத் தெரியும். நானும் அப்பாவும் இரண்டு விதமாகவும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டோம். ரம் போடாததற்கு சிரப்பைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கல் உப்பு கூட்டி, சோடாவை 30 மில்லி அதிகமாக்கினால் சரியாக நிற்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. அப்பாவின் ஓட்டு எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடு. 45 மில்லி ரம்மில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 14 கிராம் இருக்கிறது. தேங்காயும் சர்க்கரையும் அந்த எரிச்சலை முழுக்க மூடிவிடும். பால் குடிக்கிற மாதிரி மூன்று கிளாஸ் இறங்கிவிடும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு ரம் போடாததைக் கொடு. அளவுக் குவளை இல்லாமல் கண்ணால் பார்த்து ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

எட்டுப் பேர் என்றால் க்ரீமை ஒரு பாட்டிலிலும் சிரப்பை இன்னொன்றிலும் முதல் நாளே செய்து வை. இரண்டையும் முன்கூட்டிக் கலந்து ஜாடியில் நிறுத்தாதே. கலந்த நிமிஷத்திலிருந்து புளிப்பு தன் வேலையை ஆரம்பித்துவிடும், கால் மணி நேரத்துக்கு மேல் அழகாக நிற்காது. ஆள் வர வர இரண்டு இரண்டு கிளாஸாகக் குலுக்கிக் கொடு.

எல்லாம் முடிந்ததும் மிக்ஸியையும் ஷேக்கரையும் வெந்நீரில் கழுவு. பச்சைத் தண்ணீரில் கழுவினால் தேங்காய்க் கொழுப்பு பிளேடுக்கு அடியில் அப்பிக்கொண்டு அடுத்த வாரம் சிக்கு நாற்றம் அடிக்கும். மிச்சமான க்ரீமை சிங்கில் கொட்டாதே, குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். குப்பையில் போடு, இல்லையென்றால் காலையில் காபியில் ஒரு கரண்டி விட்டுக் குடி.

அன்புடன்,
அம்மா