மாலையில் கணினி லேப் திறந்திருக்கட்டும்: துணைவேந்தர் அலுவலகத்துக்கும் கணினி மையத்துக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் திறன் என்று இந்த வருடமும் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்தினீர்கள். செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் எல்லாம் வந்தது. மறுநாள் அதே பிள்ளைகள் விடுதி வராந்தாவில் சீனியர்களான எங்களிடம் கேட்டது வேறு: “அக்கா, போட்டோ 50 கேபிக்குள்ள இருக்கணுமாம், எப்படிக் குறைக்கிறது?”

இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம், ரீல்ஸ் எடிட் செய்வதில் நம் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆனால் எல்லாமே போனில் பழகியதால், டவுன்லோட் செய்த கோப்பு கணினியில் எங்கே போனது என்று தெரியாது. ஒருத்தி பாமினியில் அடித்த கட்டுரையை அனுப்ப, ஆசிரியரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்திருக்கிறது. எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, அவள் லேப்டாப்பில் தமிழ் 99 விசைப்பலகை போட்டுக்கொடுத்தோம், அவ்வளவுதான்.

பெரிய சிக்கல் பிரவுசிங் சென்டரில் இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைக்காரர்தான் போடுகிறார். பதிவு செய்த மின்னஞ்சல் அவருடையது, பாஸ்வேர்டு அவர் நோட்டில், அடுத்த வருடம் புதுப்பிக்கவும் அவரிடமேதான் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் கொண்டுவந்த, படிப்பில் வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கை, அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் தொடங்கச் சொன்னால், ஆதாரில் இருப்பது அப்பாவின் போன் எண், அவரோ வேலையில். ஓடிபியை அவர் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. (ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று பாடம் எடுப்பதும் நாங்கள்தான், அப்பாவிடம் கேட்டு வாங்கு என்பதும் நாங்கள்தான்.)

அசைன்மென்டையும் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று சில ஆசிரியர்களுக்குப் பயம். எங்களுக்குள் ஒரே விதி: மௌஸ் ஜூனியர் கையில்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் அடுத்த வாரம் வேறு ஒருத்தியை அந்த ஜூனியரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். எங்களிடம் என்றால் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள், அப்புறம் நாங்களும் போன வருடம் இதே இடத்தில் முழித்தவர்கள்தானே.

சரி, வேண்டுவது இதுதான். மாலை ஐந்துக்குப் பூட்டும் லேப் எட்டு வரை திறந்திருக்க வேண்டும். பெண்கள் விடுதி வாயிலை ஆறரைக்கே மூடிவிடுவதால் அங்கே உள்ளேயே இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர். சொல்லிக்கொடுக்கும் சீனியர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம். சான்றிதழ் வேண்டாம், அது நிறைய இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் தொடங்குவதற்குள் பதில் சொன்னால், எந்த நாள் யார் உட்காருவது என்ற பட்டியலை நாங்களே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி