ஊழ் வேறு, ஊழல் வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. உன் பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஊழ்லேர்ந்துதாம்மா ஊழல் வந்துச்சு. எல்லாம் தலைவிதி, நீ ஏன் மல்லுக்கு நிக்கறே?" என்றாராமே. எனக்கு உடனே பதில் வரவில்லை. காலையில் மார்க்கெட் முடிந்து வந்ததும் நம் வீட்டுத் தமிழ் லெக்சிகன் அகராதியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது பாதி சரி. வேர் ஒன்றுதான். ஆனால் ஊழ் என்றால் விதி மட்டுமா? ஊழ்த்தல் என்றால் மலர்வது, முதிர்வது, முதிர்ந்து பதம் கெடுவது, உதிர்வது. 650-ஆம் குறளில் 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்கிறார் வள்ளுவர். கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ. அதில் விதி எங்கே இருக்கிறது? ஊழல் இந்த வழியில் வந்த சொல். பதனழிந்தது, அழுகியது என்று பொருள். லஞ்சமும் மோசடியும் அதில் வந்து சேர்ந்தது பிற்பாடு.

இங்கிலீஷில் கரப்ஷன் என்பது லத்தீனில் உடைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. உடைய ஒரு நொடி போதும். அழுக நாள் பிடிக்கும் பாப்பா. கோயம்பேட்டுப் பழ மண்டியில் 25 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், தினமும் பார்க்கிறேன். மாம்பழம் பல நேரம் காம்புப் பக்கம்தான் முதலில் கறுக்கும். மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மினுங்கும். அன்றே எடுத்துப் போட்டால் கூடை தப்பிக்கும். விதி என்று எந்த வியாபாரியும் அதைக் கூடையிலேயே விட்டுவைப்பதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழில் உன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. மூன்று தடவை அலைந்தேன். நாலாவது தடவை 500 ரூபாயை மடித்து ஃபைலுக்குள் வைத்தேன். படி இறங்கும்போது நானும் தலைவிதி என்றுதான் சொல்லிக்கொண்டேன். 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவனும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவன் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால் விலக்கு உண்டு. நான் 20 வருஷம் வாயே திறக்கவில்லை.

உன் அம்மாவுக்கும் இது தெரியாது. இன்று ராத்திரி சாப்பிட்டதும் சொல்லிவிடுவேன். நாளைக்கு அவள் உனக்குப் போன் செய்தால், "எனக்கும் இப்போதுதான் தெரியும்மா" என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா