2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: ஹாத்தார்ன் இரண்டு முறை கட்டிய அணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர்களில் இயங்கும் நம் ஃபுட்டி (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. அரங்குக்கு உதவியவர்களுக்கும் தேநீர் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

லேடர் எனும் தரவரிசைப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஓர் அணி, கழகங்கள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வழியாக இளைஞர்களைச் சேர்த்து எப்படி மேலே வருகிறது, அதற்கு எத்தனை ஆண்டு பிடிக்கிறது என்ற கேள்வியைத்தான் இந்த ஆண்டின் கூட்டங்களில் எடுத்துக்கொண்டோம். அலசுவதற்குத் தேர்ந்தெடுத்த கழகம் ஹாத்தார்ன். வேவர்லி பார்க்கிலிருந்து டிங்லிக்கு இடம் மாறிய நம் பக்கத்துக் கழகம் என்பது ஒரு காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் அது இரண்டு முறை அணியைப் பிரித்துக் கட்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே தவறியது எது என்பதும் தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் பெரிய காரணம்.

புதிய உறுப்பினர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தேசிய டிராஃப்ட் 1986இல் தொடங்கியது. கடைசி இடத்தில் முடித்த கழகம் முதல் பிக்கை, அதாவது முதல் தேர்வு வாய்ப்பை, எடுக்கும், கோப்பை வென்ற கழகம் அந்தச் சுற்றில் கடைசியாக எடுக்கும். இப்போது 18 கழகங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 வயது நிறையும் பையன்கள் பெயர் கொடுக்கலாம். பிக்கைக் கழகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். 2015 முதல் அடுத்த ஆண்டின் பிக்கையும் மாற்றலாம், 2018 முதல் டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஒவ்வொரு சலுகையும் அவசரக்காரரின் கையில் கத்திதான். நாளைய பிக்கை இன்று செலவழிப்பது எவ்வளவு எளிது என்பதற்கு ஹாத்தார்னே சாட்சி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கட்டுமானத்தின் அஸ்திவாரம் 2001இல் விழுந்தது. ட்ரென்ட் க்ரோடையும் லூக் மெக்ஃபார்லினையும் ஃப்ரீமாண்டலுக்குக் கொடுத்து 1, 20, 36 ஆகிய பிக்குகளை ஹாத்தார்ன் வாங்கியது. பிக் 1 லூக் ஹாட்ஜ். பிக் 36 சாம் மிட்செல். ஓட்டத்தில் வேகம் போதாது, உயரம் போதாது என்று முந்தைய டிராஃப்டில் எல்லாக் கழகங்களும் கைவிட்ட பையன் அந்த மிட்செல். பந்து கிடைக்கும் இடத்தை முன்கூட்டி அறிவதும் இரண்டு காலாலும் சரியாக உதைப்பதும் ஸ்டாப்வாட்சில் பதிவாகாது. 2003இல் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது, 2008இல் கோப்பை வென்ற அணித்தலைவர், 2012இன் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் என அவர் வளர்ந்தார். க்ரோடும் இரண்டு ஆண்டில் ஹாத்தார்னுக்கே திரும்பி வந்து 2008 இறுதியாட்டத்தில் ஆடினார்.

2004இல் ஹாத்தார்னுக்கு நான்கே வெற்றி. ஐந்து வெற்றிக்கு மேல் போகாத அணிக்கு முதல் சுற்றுக்கு முன்பாகவே கூடுதலாக ஒரு பிக் தரும் விதி அப்போது இருந்தது. அதனால் 2, 5 இரண்டும் கிடைத்தன, 7ஆவதும் அவர்கள் கையில் இருந்தது. பிக் 2 ஜாரிட் ரஃப்ஹெட், பிக் 5 லான்ஸ் ஃப்ராங்க்ளின், பிக் 7 ஜோர்டன் லூயிஸ். அந்த ஆண்டு இறுதியில்தான் அலஸ்டர் க்ளார்க்சன் பயிற்சியாளரானார். முதல் பத்துக்குள் இருந்த மூன்று பிக்கில் இரண்டை உயரமான முன்வரிசைக்காரர்களுக்குக் கொடுத்ததை இன்றும் துணிச்சலாகவே பார்க்கவேண்டும். உயரமானவர்கள் தேறி வர நான்கைந்து ஆண்டு ஆகும். உடம்பு கனம் பிடிக்கவேண்டும், முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரனோடு தோள் உரசிப் பந்தைப் பிடிக்கவேண்டும். நடுக்களத்துப் பையன் முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரிவான். அவசரப்படும் கழகம் அவனையே எடுக்கும்.

2005இல் ஐந்து வெற்றி, 14ஆவது இடம். 2006இல் ஒன்பது வெற்றி, 11ஆவது. 2007இல் 13 வெற்றி, ஐந்தாவது. 2008இல் 17 வெற்றியோடு இரண்டாவதாக முடித்து, இறுதியாட்டத்தில் ஜீலாங்கை 26 புள்ளியில் வென்றது. அந்த ஆண்டு ஃப்ராங்க்ளின் 113 கோல், ரஃப்ஹெட் 75 கோல். இரண்டாவது சீசன் முடியும்வரை பலன் என்று காட்ட அதிகம் இல்லை என்பதை உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும். பொறுமை இழந்த நிர்வாகம் அந்த இடத்தில்தான் பயிற்சியாளரை மாற்றும்.

அந்த அணியில் பையன்கள் மட்டும் இல்லை. ஷேன் க்ராஃபர்ட் கடைசி வரை நின்றார். ஓய்வு பெற்றிருந்த ஸ்டூவர்ட் டியூவை 2007 டிராஃப்டில் எடுத்தார்கள், இறுதியாட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரை அவர்தான் ஹாத்தார்ன் பக்கம் திருப்பினார். வேலையைச் செய்துகாட்ட மூத்தவர்கள் நான்கைந்து பேராவது உடன் இல்லாவிட்டால் 19 வயதுப் பையன் தோற்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறான். அலசிய எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

பிழைகளையும் பதிவு செய்கிறேன். 2005இன் பிக் 6 பியூ டௌலர் நிலைக்கவில்லை. அதே டிராஃப்டில் பிக் 14 க்ராண்ட் பர்ச்சல் நான்கு கோப்பைக்காரர். 2006இன் பிக் 6 மிட்ச் தோர்ப் இரண்டே ஆட்டம் ஆடினார். அடுத்த பிக்கில் ஜீலாங் எடுத்தது ஜோயல் செல்வுட், 355 ஆட்டம். முழங்கால் காயத்தைக் கண்டு செல்வுட் விஷயத்தில் பல கழகங்கள் பின்வாங்கியிருந்தன. நல்ல தேர்வுக்குழுவும் முதல் சுற்றில் இப்படித் தவறும். ஒரே பிக்கை நம்பி அணி கட்டக்கூடாது, ஒரே தலைமுறைப் பையன்களைக் கூட்டமாகச் சேர்க்கவேண்டும் என்று சொல்வதன் காரணமும் இதுவே. ஜீலாங் 2001இல் ஒரே டிராஃப்டில் ஜிம்மி பார்ட்டல், ஜேம்ஸ் கெல்லி, ஸ்டீவ் ஜான்சன், முன்னாள் வீரரின் மகனை அவரது கழகமே எடுக்க இடம்தரும் அப்பா-மகன் விதியில் கேரி ஏப்லெட் என நால்வரை எடுத்தது. அவர்கள் ஒன்றாகவே முதிர்ந்தார்கள்.

இனி, நடுவே நேர்ந்தது. 2013, 2014, 2015 மூன்று கோப்பைக்குப் பிறகு ஹாத்தார்ன் டிராஃப்டைத் தாண்டிப் போக முயன்றது. ஜேகர் ஓமியராவையும் டாம் மிட்செலையும் பிறகு சாட் விங்கார்டையும் வாங்கப் பிக்குகளைக் கொடுத்தது. 2016இல் அவர்களின் முதல் பெயர் பிக் 74இல்தான் வந்தது. 2017இல் பிக் 45. 2018இல் பிக் 52. மூன்று ஆண்டு முதல் சுற்றில் வாயே திறக்கவில்லை. வாங்கியவர்கள் மோசமானவர்கள் அல்ல, டாம் மிட்செல் 2018இன் பிரவுன்லோ வென்றார். ஆனால் 20, 21 வயதில் இருந்திருக்கவேண்டிய ஓர் அடுக்கே அணியில் இல்லாமல் போனது. மூத்தவர்கள் கழன்றதும் அந்த ஓட்டை வெளியே தெரிந்தது: 2021இல் 14ஆவது, 2022இல் 13ஆவது, 2023இல் 16ஆவது. விதைநெல்லைச் சமைத்துத் தின்ற கதை.

இரண்டாவது கட்டுமானம் 2019இல் பிக் 13 வில் டேயோடு தொடங்கியது என்று கொள்ளலாம். 2021இல் ஜாஷ் வார்டும் பிக் 26 கானர் மெக்டொனால்டும், 2022இல் பிக் 7 கேம் மெக்கன்சியும் பிக் 18 ஜாஷ் வெடிலும், 2023இல் பிக் 5 நிக் வாட்சனும். இதில் பிக் 1 ஒன்றுகூட இல்லை. 2022 முதல் பயிற்சியாளர் அதே சாம் மிட்செல், அந்தப் பிக் 36. முதல் சீசன் முடிந்ததும் டாம் மிட்செலையும் ஓமியராவையும் விட்டுவிட்டார். அன்று ரசிகர்களுக்குக் கசந்த முடிவு அது. அவர்கள் விட்ட நடுக்கள நிமிடங்கள்தான் பையன்களின் பள்ளிக்கூடமாயின.

ஜாய் நியூகம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தேசிய டிராஃப்டில் யாரும் பெயர் சொல்லாத கிப்ஸ்லாண்டுப் பையன். ஹாத்தார்னின் இணை அணியான பாக்ஸ் ஹில்லுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2021 நடு-சீசன் டிராஃப்டின் இரண்டாவது பிக்கில் எடுத்தார்கள். 2019இல் மீண்டும் வந்த இந்த நடு-சீசன் டிராஃப்ட், நீண்ட காயத்தால் இடம் காலியான கழகங்களுக்கானது. 18 வயதில் வளராத உடம்பு 20இல் வளர்ந்திருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல சன்னல் இல்லை.

2024இல் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. அதன்பின் 14 வெற்றி, ஏழாவது இடம், தோற்றால் வெளியேறவேண்டிய எலிமினேஷன் இறுதியில் புல்டாக்ஸை வென்றது, அடுத்த வாரம் போர்ட் அடிலெய்டிடம் மூன்று புள்ளியில் தோல்வி. பையன்கள் தேறியபிறகே வெளியிலிருந்து தடுப்பாட்டத்துக்கு டாம் பாரஸும் ஜாஷ் பேட்டிலும் வந்தார்கள். 2025இல் இறுதியாட்டத்துக்கு ஒரு படி முன்னால் ஜீலாங்கிடம் தோற்று நின்றது. முதலில் இளைஞர், பிறகு சந்தை என்ற வரிசையை இம்முறை மாற்றவில்லை.

எதிர்ப்பக்கமாக மெல்பேர்ன் கழகத்தைப் பார்த்தோம். 2008இல் பிக் 1 ஜாக் வாட்ஸ், 2009இல் பிக் 1 டாம் ஸ்கல்லி, பிக் 2 ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி இரண்டு சீசன் முடிந்ததும் புதிய ஜயன்ட்ஸ் அணிக்குப் போய்விட்டார். ட்ரெங்கோவை 20 வயதில் இணைத்தலைவராக்கினார்கள், பாத எலும்பு முறிவு அவரது ஆட்டத்தை முடக்கியது. 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்றதும் பயிற்சியாளர் போனார். தோளில் சுமக்க மூத்தவர்கள் இல்லாத வீட்டில் முதல் பிக்குகளே தூண்களாக நிறுத்தப்பட்டன. 2009இன் அதே டிராஃப்டில் பிக் 34இல் வந்த மேக்ஸ் கான்தான் 2021இல் கோப்பையைத் தூக்கிய தலைவர். அதற்கிடையில் பால் ரூஸ் வந்து அணியை நிலைப்படுத்த வேண்டியிருந்தது, 2014இல் பெட்ராக்கா, பிரேஷா, 2015இல் ஆலிவர் என மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது, தடுப்பாட்டத்துக்கு லீவரையும் மேயையும் வாங்க வேண்டியிருந்தது. 57 ஆண்டுக் காத்திருப்பு பர்த்தில் முடிந்தது. கார்ல்டன் 2005, 2006, 2007 மூன்று ஆண்டும் பிக் 1 எடுத்தும் 1995க்குப் பிறகு கோப்பை காணவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

பிள்ளைகள் ஆடும் பெற்றோருக்கு இரண்டு செய்தி. முதலாவது வழி. ஊர்க் கழகத்தின் வயதுப் பிரிவு அணியிலிருந்து இளையோர் போட்டியான டேலன்ட் லீகின் வட்டார அணிக்குச் செல்லவேண்டும். நம் பகுதிக்கு டான்டினோங் ஸ்டிங்ரேஸ், ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ், ஈஸ்டர்ன் ரேஞ்சஸ். வீட்டு முகவரிதான் வட்டாரத்தை நிர்ணயிக்கும். ஸ்டிங்ரேஸ் பையன்கள் விக்டோரியாவின் நாட்டுப்புற அணியான விக் கன்ட்ரிக்கும் மற்ற மூன்றின் பையன்கள் மாநகர அணியான விக் மெட்ரோவுக்கும் தேர்வாகிறார்கள். பிறகு கம்பைன் எனும் உடல்திறன் சோதனை: 20 மீட்டர் விரைவோட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்றும் ஓடியும் குதிக்கும் உயரம். கம்பைன் எண்களுக்காகப் பையனை வாட்டவேண்டாம். வளரும் வயதில் ஊர் அணி, பள்ளி அணி, வட்டார அணி மூன்றிலும் ஆடவைப்பதால் வரும் எலும்புத் தேய்வு முறிவு அடுத்த ஒரு சீசனையே தின்றுவிடும். வாரத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை ஆட்டம் என்று ஒரு நோட்டில் எழுதி மூன்று பயிற்சியாளரிடமும் காட்டுங்கள்.

இரண்டாவது, 2016இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் பல்பண்பாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குமானது. ஆசியாவில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகளும் இதில் வரக்கூடும், ஆகவே நம் வீடுகளுக்கு இது நேரடிச் செய்தி. வேறு கழகம் அந்தப் பையனின் பெயரைச் சொன்னால் அகாடமி வைத்திருக்கும் கழகம் தன் பிக்குகளுக்குரிய மதிப்புப் புள்ளிகளால் ஈடுகட்டி எடுத்துக்கொள்ளலாம். 2015இல் வந்த அட்டவணையில் பிக் 1க்கு 3000 புள்ளி, பிக் 2க்கு 2517, பிக் 10க்கு 1395, பிக் 18க்கு 985. முதல் சுற்றில் 20 விழுக்காடு தள்ளுபடி இருந்தது, 2025இல் அட்டவணையும் இறுகித் தள்ளுபடியும் 10 ஆனது. 2020இல் புல்டாக்ஸ் இந்த வழியில்தான் பிக் 1 ஆக ஜமாரா ஊகல்-ஹேகனை எடுத்தது. விதி அடிக்கடி மாறுகிறது, பதிவுக்கு முன் அந்தந்தக் கழகத்தின் அகாடமி அலுவலகத்தில் தகுதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இவை. ஸ்டிங்ரேஸ், சார்ஜர்ஸ் ஆட்டங்களுக்கு உறுப்பினர்கள் சேர்ந்து சென்று, பந்து காலில் இல்லாதபோது பையன் எங்கே ஓடுகிறான் என்பதைக் குறிப்பெடுக்கும் பழக்கத்தைத் தொடங்கவேண்டும். மாதக் கூட்டங்களில் 2024இல் இரண்டே வெற்றியோடு கடைசியில் முடித்து, போல்டன், ரியோலி, பேக்கரை அனுப்பிவிட்டு, பிக் 1 சாம் லாலரோடு ஒரு கூட்டத்தையே எடுத்த ரிச்மண்டைப் பின்தொடரவேண்டும். அங்கே மூத்தவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையே முதலில் எண்ணுவோம். 2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாக வருகிறது. 2010இல் கோல்ட் கோஸ்ட் முதல் மூன்று பிக்கையும், 2011இல் ஜயன்ட்ஸ் முதல் ஐந்தையும் எடுத்ததுபோல் புதிய அணி வரும்போது மேல் பிக்குகள் சுருங்கும். அடியில் இருக்கும் கழகங்கள் அதற்கு முன்பே என்ன சேர்க்கின்றன என்பதை ஆண்டு முழுதும் பட்டியலிடும் பொறுப்பை ஏற்க மூவர் தேவை. பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்