அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மழைக்காகப் பள்ளி பல நாள் மூடியிருந்தும் ஆசிரியர்கள் பாடங்களை முடித்துவிட்டார்கள். கபடி அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சியில் நம் மாணவிகள் பரிசு பெற்றார்கள். சத்துணவுக் கூடத்தின் ஒழுகும் கூரை சரிசெய்யப்பட்டது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சிறப்பு வகுப்புகள் ஜனவரியிலும் தொடரும். இவற்றுக்காக உழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, உங்களிடம் நேரில் பேச நினைத்து, எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முடியாததால் எழுதுகிற ஒரு செய்திக்கு வருகிறேன். அது பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் மடிக்கணினிகளைப் பற்றியது.

இந்தக் கருவிகள் எப்படி வந்தன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம் பள்ளியில் படித்து வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள், தாங்கள் பயன்படுத்திய கணினிகளைச் சேர்த்து அனுப்பினார்கள். பழைய கருவிகளிலும் தடுமாறாமல் ஓடும், உரிமக் கட்டணமும் கிடையாது என்பதால் எங்கள் கணினி ஆசிரியர் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினார். பிள்ளைகள் அதில் நன்றாகவே பழகிவிட்டார்கள். ஆனால் மூன்று மாதங்களாக ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது: ஹெட்போனில் சத்தம் வரவில்லை.

புகார் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அது எங்களிடம் வருவதற்கு முன்பே கணினி கடைக்குப் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். ஒரு மாணவியின் தாய், கடலில் பாசி எடுத்துச் சேர்த்த 1,500 ரூபாயைக் கடையில் கொடுத்திருக்கிறார். 'சவுண்ட் போர்டு போய்விட்டது' என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கணினி திரும்பி வந்தபோது அதில் லினக்ஸ் இல்லை. முழுவதையும் அழித்துவிட்டு உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றியிருந்தார்கள். ஹெட்போனில் சத்தம் வந்தது. ஆகவே கோளாறு லினக்ஸில்தான் இருந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். கணினி ஆசிரியர் திறந்து பார்த்தார். உள்ளே எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. ஏதோ ஓர் அமைப்பு மாறிக் கிடந்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்து ஏற்றியபோது அதுவும் பழையபடி திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று அதில் இருந்தது. தமிழாசிரியை ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்: வீட்டில் இருக்கும் பெரியவர்களின் கடல் பேச்சைப் பதிவு செய்து வர வேண்டும். அந்த மாணவி தன் தாத்தாவை உட்கார வைத்து, கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளைப் பற்றியும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விடுவது பற்றியும் பேச வைத்திருந்தாள். நான் அந்தப் பதிவில் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். இடையில் இருமுகிறார், பேத்தியைத் திட்டுகிறார், மறுபடி கடலுக்குப் போய்விடுகிறார். அது முழுவதும் அழிந்துவிட்டது. மறுபடி கேட்டபோது தாத்தா பொறுமையாகச் சொன்னார். ஆனால் முதல் தடவை தானாக வந்த பல சொற்கள் இரண்டாம் தடவை வரவில்லை என்று அந்தப் பெண் என் அறையில் நின்று அழுதாள்.

அதனால்தான் இந்தக் கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் பார்த்த அளவில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்கவில்லை. சத்தம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது, அல்லது ஓரிடத்தில் மூடிக் கிடந்தது.

வேறு பக்கம் போவதற்கு ஒரு காரணம் எங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. பெரிய திரையில் பாடம் காட்ட எச்டிஎம்ஐ கேபிளை மாட்டுகிறோம். அப்போது கணினி ஒலியையும் திரைக்கு அனுப்பத் தொடங்கும். கேபிளைக் கழற்றிய பிறகும் சில நேரம் அந்தத் தேர்வு அப்படியே நின்றுவிடும். பிள்ளை வீட்டில் ஹெட்போனை மாட்டினால் அமைதிதான். அமைப்புகள் பகுதியில் ஒலி என்பதைத் திறந்து, வெளியீட்டுக் கருவி என்ற இடத்தில் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதை நாங்கள் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அது எங்கள் பிழை, இனிச் சொல்லிக் கொடுப்போம்.

மூடிக் கிடப்பது இன்னொரு வகை. திரையில் தெரியும் ஒலி அளவு முழுவதும் ஏற்றியிருக்கும், ஆனாலும் சத்தம் வராது. லினக்ஸில் ஒலியைக் கவனிப்பது ஒரே அடுக்கு அல்ல. கீழே சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும் ஆல்சா இருக்கிறது. அதற்கு மேலே, ஒலியைப் பிரித்து அனுப்பும் பல்ஸ் ஆடியோ அல்லது புதிய பதிப்புகளில் பைப்வயர் இருக்கிறது. மேலடுக்கில் திறந்திருந்தாலும் கீழடுக்கில் ஹெட்போன் மியூட் ஆகியிருந்தால் பயனில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தும் அடுப்படிக் குழாய் மூடியிருப்பது போல. இதைப் பார்க்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், இ, ஆர் என்ற எழுத்துகளைச் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்த வேண்டும். முதலில் ஒரே ஒரு பட்டை தெரியலாம். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மற்றப் பட்டைகள் வரும். ஹெட்போன் என்ற பட்டையின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது மூடியிருக்கிறது. அம்பு விசையால் அங்கே போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் அவை இரண்டு பூஜ்யங்களாக மாறும். பட்டை தரையோடு கிடந்தால் மேல் அம்பால் ஏற்ற வேண்டும். இதைச் செய்யும்போது ஹெட்போன் காதில் இருக்கவே கூடாது. திடீரென்று முழுச் சத்தமும் பாயும். பிள்ளைகள் வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களுக்கே அது 80தான்.

'பாட்டில் வாத்தியம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் காணவில்லை' என்று ஒரு தந்தை சொன்னார். அவர் சொன்னது எங்களுக்கு மிகவும் உதவியது. பெரும்பாலான பதிவுகளில் குரல் இடது, வலது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஹெட்போன் பின் முழுவதும் உள்ளே போகாமல், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரைத் தொடர்பு (கிரவுண்ட்) விட்டுப்போனால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் காதுக்கு வரும், சமமாக இருக்கும் குரல் கரைந்துவிடும். அவர் மகனின் ஹெட்போன் பின்னைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டியதும் குரல் வந்தது. பள்ளியில் ஆங்கிலக் கேட்டல் பயிற்சியில் அந்தப் பையன் எப்போதும் பின்தங்கியே இருந்தான். அவன் கவனிக்கவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

துடைப்பது பற்றி நம் கடற்கரையில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் சன்னல் கம்பியை உப்புக் காற்று என்ன செய்கிறது என்று நீங்கள் அறிவீர்கள். ஹெட்போன் பின்னையும் அது விடாது. பின் நுழையும் துளைக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. பின் வந்துவிட்டது என்று கணினிக்குச் சொல்வது அதுதான். உப்பும் தூசியும் படிந்தால் பின் மாட்டியும் மாட்டவில்லை என்று அது சொல்லும். சில கருவிகளில் நேர்மாறாக, கழற்றிய பிறகும் ஹெட்போன் இருப்பதாக நினைத்துக் கணினி தன் ஒலிபெருக்கியை மௌனமாக்கிவிடும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பின்னை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பது, பயன்படுத்தாத நேரத்தில் கணினியை உறையில் மூடி வைப்பது. துளைக்குள் ஊக்கு, ஈர்க்குச்சி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய குச்சியால், கணினியை அணைத்த பிறகு, அதை நாங்கள் சுத்தம் செய்து தருகிறோம்.

துபாயில் இருக்கும் ஒரு வாப்பா, மகளுக்கு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கி அனுப்பிவிட்டு, இணைய வகுப்பில் குரல் பழைய டெலிபோன் போல் கேட்கிறதாமே என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஹெட்போனில் பழுதில்லை. அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அது அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது, தரம் குறைகிறது. கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் தெளிவு திரும்பிவிடும். இதற்காக இன்னொன்று வாங்க வேண்டாம் என்று அவருக்கு எழுதினேன்.

இப்போது நான் உறுதியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மடிக்கணினிகள் பள்ளியின் உடைமை. பள்ளியின் அனுமதி இல்லாமல் இவற்றை எந்தக் கடையிலும் திறக்கக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பதை அழித்து வேறு எதையும் ஏற்றக் கூடாது. ஜனவரி முதல் அப்படி மாற்றப்பட்டு வரும் கணினி பள்ளியிலேயே வைக்கப்படும், வீட்டுக்குத் தரப்பட மாட்டாது. ஒரு பிள்ளையின் மூன்று மாத வேலையை, அந்தப் பிள்ளையைக் கேட்காமல், ஒரு மணி நேரத்தில் துடைத்தெறியும் உரிமை யாருக்கும் இல்லை. இதில் விதிவிலக்கு கேட்டு வர வேண்டாம் என்று பணிவோடும் கண்டிப்போடும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாயின் மீது எனக்குக் கோபமே இல்லை. மகளின் படிப்பு ஒரு நாளும் தடைபடக் கூடாது என்றுதான் அவர் அந்தப் பணத்தைக் கொடுத்தார். எங்களிடம் வரத் தயங்கியதற்குக் காரணம் கேட்டேன். 'பள்ளிக்கூடத்துப் பொருளைக் கெடுத்துவிட்டாள் என்று பிள்ளையைத் திட்டுவீர்களோ என்று பயந்தேன் சார்' என்றார். அந்தப் பயம் எங்கள் நடத்தையால் வந்திருந்தால் அதை நாங்கள்தான் போக்க வேண்டும். ஹெட்போன் வேலை செய்யவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் திட்டு வாங்காது. இது என் வாக்கு.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின் வரும் முதல் சனிக்கிழமை காலை 10 மணி முதல் கணினி ஆசிரியரும் பதினோராம் வகுப்பு மாணவர் சிலரும் கணினி அறையில் இருப்பார்கள். கணினி, சார்ஜர், ஹெட்போன் மூன்றையும் கொண்டுவாருங்கள். ஹெட்போனை முதலில் ஒரு கைபேசியில் மாட்டிப் பார்ப்போம். பிறகு, உள்ளே இருப்பதைத் தொடாமல், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பார்ப்போம். அதில் சத்தம் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, அமைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். அதிலும் வராமல் துளையே பழுதாகியிருந்தால், யுஎஸ்பி துளையில் மாட்டும் சிறிய ஒலி அடாப்டரைப் பள்ளிச் செலவில் தருவோம். தனியாக எதையும் நிறுவாமலே லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். எப்படியானாலும் உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம். கடலுக்குப் போகிறவர்கள் அன்று வர முடியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், போதும்.

பதிவுகள் அனைத்தையும் இனி மாதம் ஒருமுறை பள்ளிக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கப் போகிறோம். இழந்த பதிவுக்காக அந்தத் தாத்தா விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கே வந்து வகுப்பில் பேசச் சம்மதித்திருக்கிறார். அவருக்கும், கணினிகளை அனுப்பிய முன்னாள் மாணவர்களுக்கும், குறையை மறைக்காமல் வந்து சொன்ன ஒவ்வொரு பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகள் நன்றாக ஓய்வெடுக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்